கேட்காமலே வழக்குப் போடுகிறவர்

“கோர்ட்டுல பாத்துக்கிறேன்” என்று மிரட்டுகிறவர்களைப் பற்றி நான் எழுத வரவில்லை. அவர்கள் அப்பாவிகள். மிரட்டிவிட்டு வீட்டுக்குப் போய், கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். நான் அறிமுகம் செய்ய வந்த ஜீவன் வேறு ரகம். இவர் மிரட்டமாட்டார். முகம் சுளிக்கமாட்டார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார். நீங்கள் பாட்டுக்கு வாசலில் நின்று பல் துலக்கிக்கொண்டிருப்பீர்கள். தபால்காரர் வந்து கனமான ஓர் உறையை நீட்டுவார். வாயில் நுரையோடு கையெழுத்துப் போட்டுப் பிரித்துப் பார்த்தால், நீங்கள் எதிர்மனுதாரர் ஆகியிருப்பீர்கள். என்ன குற்றம் செய்தீர்கள் என்பதைத் தெரிந்துகொள்ளப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

இந்த ஜீவன் எல்லா ஊரிலும் இருக்கிறது. எங்கள் தெருவில் இருப்பதற்கு ‘சம்மன் சார்’ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதை நீதிமன்ற வாசலில் கூப்பிடும்போது மட்டும் கேட்கலாம். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மூக்குக் கண்ணாடி. எதிர்ச் சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, “கடைசி வரியைப் படிங்க பார்ப்போம்” என்று வருகிறவர்களையெல்லாம் வாட்டி எடுப்பதே தொழில். ஆனால் தனக்கு வந்த எந்தக் காகிதத்தையும் அவர் கடைசி வரி வரை படித்ததாகச் சரித்திரம் இல்லை. கோபம் வருகிற வரை படிப்பார். கோபம் இரண்டாம் வரியிலேயே வந்துவிடும்.

நான் எதிர்வீட்டுக்காரன். அதனால் நிரந்தர சாட்சி. அவர் வழக்குகளில் பாதிக்கு மேல் என் பெயர் இருக்கிறது. நான் எதையும் பார்த்ததில்லை. ஆனால் எதிர்வீட்டில் இருப்பவன் பார்த்திருக்கத்தானே வேண்டும் என்பது அவர் வாதம்.

உதாரணத்துக்கு நாய் வழக்கு. தெருமுனை மருந்துக்கடைக்காரர் ஒரு நாய் வளர்த்தார். அது குரைத்தது. நாய் வேறென்ன செய்யும்? உங்களையும் என்னையும் போன்ற சாதாரணப் பிறவியாக இருந்தால், மருந்து வாங்கப் போகிற சாக்கில், “என்னங்க, உங்க ஆள் தூங்கவே விடமாட்டேங்கிறாரே” என்று இழுத்திருப்போம். சம்மன் சார் தினமும் அந்தக் கடையில் தைலம் வாங்கினார், மருந்துக்கடைக்காரரோடு மழையைப் பற்றிப் பேசினார், சிரித்தார், வழக்குப் போட்டார். உறை வந்த அன்று மருந்துக்கடைக்காரர் கலங்கிப்போய் ஓடிவந்தார்.

“சார், ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பின்பக்கம் கட்டியிருப்பேனே சார்!”

“அதை நீங்க கோர்ட்ல சொல்லுங்க.”

முதல் விசாரணைக்கு வழக்கு வருவதற்குள் நாய் வயதாகிச் செத்துப்போயிற்று. மருந்துக்கடைக்காரர் கடையை மூடிவிட்டு அழுதுகொண்டிருந்தார். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் சம்மன் சார் என் காதோடு கேட்டார்: “குட்டி கிட்டி ஏதாவது இருக்கா? வாரிசுகளைச் சேர்க்கணும்.”

அப்புறம் தெருவிளக்கு. எங்கள் வீடுகளுக்கு நடுவே இருந்த கம்பத்தில் விளக்கு எரியவில்லை. கம்பத்திலேயே, ஆள் உயரத்தில், எரியாவிட்டால் எந்த எண்ணுக்குச் சொல்ல வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. சம்மன் சார் அந்த எழுத்தைப் படம் பிடித்து, சாட்சியமாக இணைத்து, நகராட்சி மேல் வழக்குத் தொடர்ந்தார். தேதி கிடைக்கும் வரை இருட்டில் தட்டுத் தடுமாறி நடந்தோம். பொறுக்க மாட்டாமல் பக்கத்துச் சந்துத் தையல்காரர் அந்த எண்ணைக் கூப்பிட்டுவிட்டார். அன்று சாயங்காலமே ஏணியோடு ஓர் ஆள் வந்தான். பல்பை மாற்றினான். போய்விட்டான்.

சம்மன் சார் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். முகம் சிவந்தது.

“கேஸ் நிலுவையில இருக்கு. தீர்ப்பு வர்றதுக்குள்ள விளக்கு எரியுதுன்னா என்ன அர்த்தம்? இது கோர்ட் அவமதிப்பு!”

அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

ஏன் இப்படி? கெட்டவரா? இல்லை. பேராசையா? அதுவும் இல்லை, ஒரு வழக்கிலும் அவருக்குக் கிடைத்தது ஒன்றுமில்லை. விஷயம் இதுதான்: ஓர் அலுவலகத்துக்குப் போனால் வரிசையில் நிற்க வேண்டும். ஜன்னலுக்குள் குனிய வேண்டும். தன் மகன் வயதுள்ளவனை “சார்” என்று கூப்பிட்டு, அவன் போன் பேசி முடிக்கும் வரை அசட்டுச் சிரிப்போடு காத்திருந்து, “அந்தப் பக்கம் போங்க” என்றால் அந்தப் பக்கம் போய், அங்கே இருப்பவர் சாப்பிடப் போயிருப்பதைத் தெரிந்துகொண்டு திரும்பி வர வேண்டும். நீதிமன்றத்தில் அப்படியா? கறுப்புக் கோட்டுகள் சூழ்ந்திருக்கும். வெள்ளைச் சீருடை ஆள் ஒருவர் அவர் பெயரைக் கட்டடம் அதிர உரக்கக் கூப்பிடுவார். அங்கே அவர் மனுதாரர். கேட்பது இவருக்கு அவமானம், தொடுப்பது வீரம்.

வீட்டிலும் இதே நடைதான். அவர் மனைவி ஒருமுறை என்னிடம் பொருமினார். “உப்பு கம்மியா இருந்தா கேக்கமாட்டார். தட்டுல கைய வச்சிக்கிட்டு அப்படியே உக்காந்திருப்பார். சாயங்காலம் எங்க அப்பாவுக்கு போன் போட்டு புகார் சொல்லுவார். அவர் எனக்கு போன் போடுவார். ‘உப்பு போடும்மா’ன்னு. உப்பு எங்க இருக்கு? இவர் முழங்கைக்குப் பக்கத்துல.”

இதுவரை சொன்னதெல்லாம் சிரிப்பதற்கு. இனிமேல் சொல்லப் போவது அவருடைய அக்காவைப் பற்றியது.

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரையெல்லாம் ஊரோடு இணைத்துவிட்ட குரல் அது. கனமும் இல்லை, கடுமையும் இல்லை. ஆனால் அந்தக் குரல் “லைன்ல இருங்க” என்று சொன்னால் மந்திரியும் லைனில் இருப்பார். ஒரு காய்ச்சலில் கால் இரண்டும் தளர்ந்துபோய், சக்கர நாற்காலியோடு தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் உயரமான படிகள். வெளியே போக வேண்டுமென்றால் இரண்டு பேர் நாற்காலியோடு தூக்க வேண்டும். தூக்குகிறவர்கள் மூச்சு வாங்குவதைக் கேட்கச் சகிக்காமல், “இன்னிக்கு வேணாம்பா, வெயிலா இருக்கு” என்று சொல்ல ஆரம்பித்தார். மழை பெய்த அன்றும் அதையே சொன்னார்.

இங்கே சம்மன் சாருக்கு உரிய மரியாதையைச் செய்துவிடுகிறேன். அவர் யாரிடமும் ஒன்றும் பேசாமல் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, படிக்குப் பக்கத்தில் சிமென்டில் ஒரு சரிவு கட்டினார். ஈரம் காயும் வரை பூனை மிதித்துவிடக் கூடாதென்று நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். அக்கா முதல்முறை அதில் இறங்கித் தெருவுக்கு வந்தபோது, இவர் பின்னால் பிடிக்கவுமில்லை, விடவுமில்லை. கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டே கூட வந்தார். அன்றிலிருந்து அக்கா தினமும் தானே சக்கரத்தை உருட்டிக்கொண்டு நூலகம் வரை போவார். வழியில் மருந்துக்கடைக்காரரிடம் நாயைப் பற்றிப் பேசுவார். அவருக்கும் அதைப் பேச ஆள் வேண்டியிருந்தது.

சரிவின் நுனி தெருவுக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தது. நகராட்சி ஆள் வந்தார். டேப் பிடித்தார். சிவப்புப் பெயின்டால் சரிவின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். ஆக்கிரமிப்பை ஒரு மாதத்துக்குள் அகற்ற வேண்டும், தவறினால் நகராட்சியே இடிக்கும் என்று மேலே தடித்த எழுத்தில் இருந்தது. ஆட்சேபணை இருந்தால் அதே ஒரு மாதத்துக்குள் நகராட்சி மேல்முறையீட்டு அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம் என்று கீழே பொடி எழுத்தில் இருந்தது.

சம்மன் சார் மேலே இருந்ததை மட்டும் படித்தார். கண்கள் ஒளி வீசின. சட்டையை மாட்டினார்.

“தம்பி, கீழயும் ஏதோ எழுதியிருக்கான்டா” என்றார் அக்கா.

“அது சும்மாக்கா. ஒப்புக்குப் போடறது.”

“அங்க போய் ஒரு தடவை கேட்டுட்டு வாயேன்.”

“அவன்கிட்டயே போய் அவனைப் பத்திப் புகார் சொல்றதா? அடிச்சவன்கிட்டயே போய் வலிக்குதுன்னு சொல்லணுமா? நல்லா இருக்கே நியாயம்!”

கேள்வி நல்ல கேள்விதான். பல அலுவலகங்களில் அதற்கு நல்ல பதில் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அவர் அதைப் பதில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கவில்லை. சொல்லி முடிக்கும்போதே தெருவில் இறங்கியிருந்தார்.

அவருடைய வக்கீலைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்கு முன் பல வக்கீல்கள் இருந்தார்கள். “முதல்ல ஆபீஸ்ல ஒரு மனு கொடுத்துடுவோம் சார்” என்று சொன்னவர்களையெல்லாம் மாற்றிவிட்டார். மிஞ்சியவர் இவர். இவரும் அன்றைக்கு வாயைத் திறந்தார்.

“சார், மேல்முறையீடு போட வழி கொடுத்திருக்காங்க. அதைப் பண்ணாம போனா கோர்ட்ல அதைத்தான் முதல்ல கேப்பாங்க.”

“நீங்க எந்தப் பக்கம் வக்கீல்?”

வக்கீல் வாயை மூடிக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

இடிக்கும் தேதி நெருங்குவதால் அவசர வழக்காக எடுத்துக்கொண்டார்கள். விசாரணை நாளில் என்னையும் அழைத்துப் போனார். சாட்சி. நீதிமன்றக் கூடத்தில் மேலே விசிறி சுற்றியது. காற்று எங்கள் பக்கம் வரவில்லை. அவர் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். அந்த ஒரு நொடிக்காக அவர் இஸ்திரி போட்ட சட்டையை எப்படி இழுத்துவிட்டுக்கொண்டார் என்பதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வக்கீல் எழுந்து, மனிதாபிமானம், நடமாடும் உரிமை, தம்பியின் பாசம் என்று அழகாகத்தான் ஆரம்பித்தார். நீதிபதி நோட்டீசைத் திருப்பிப் பார்த்தார். அவர் கடைசி வரியைப் படிக்கிற ஆள்.

“மேல்முறையீட்டு அதிகாரிகிட்ட போனீங்களா?”

“கனம் நீதிபதி அவர்களே, அங்கே நியாயம் கிடைக்காதென்று எங்கள் கட்சிக்காரர் உறுதியாக...”

“போனாரா?”

“இல்லை.”

“குழாய்ல தண்ணி வரலைன்னா முதல்ல குழாயைத் திறந்து பார்ப்பீங்களா, எடுத்த எடுப்புல கிணறு வெட்டுவீங்களா?”

கூடத்தில் சிரித்தார்கள். சம்மன் சாரும் சிரித்தார். நீதிபதி நகராட்சியைத் திட்டுகிறார் என்று நினைத்துவிட்டார். அதற்குள் முடிந்துவிட்டது. “மனுதாரர் முதலில் உரிய அதிகாரியை அணுகட்டும். அங்கே தீரவில்லையென்றால் இங்கே வரலாம்.” தள்ளுபடி. நான் உட்கார்ந்த பெஞ்சு சூடாகக்கூட இல்லை.

வெளியே வந்ததும் வக்கீல் மெதுவாகச் சொன்னார்: “இன்னும் நாள் இருக்கு சார். இப்பவே நகராட்சிக்குப் போயிடுவோமா?”

“எதுக்கு?”

“மேல்முறையீடு பண்ணத்தான்.”

“பண்றோம்” என்றார் சம்மன் சார். “இந்த ஜட்ஜை எதிர்த்து, பெரிய பெஞ்சுக்கு.”

மேல்முறையீடு செய் என்று சொன்ன உத்தரவை எதிர்த்து மேல்முறையீடு! அவருக்கு மேல்முறையீடு செய்வதில் ஓர் ஆட்சேபணையும் இல்லை, பார்த்துக்கொள்ளுங்கள். இடம் மட்டும் தப்பாக இருக்க வேண்டும்.

அவர் பெரிய பெஞ்சுக்கு ஆவணம் திரட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், அக்கா ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இன்னிக்கு வேலை ஏதும் இருக்கா?”

“இல்லக்கா.”

“அப்ப ஒரு வண்டி பிடிங்க. நகராட்சி வரைக்கும் போயிட்டு வந்துடுவோம். அவன்கிட்ட சொல்ல வேணாம். சொன்னா தடை உத்தரவு வாங்கிடுவான்.”

வாடகைக் காரில் அக்காவும், சம்மன் சாரின் மனைவியும், நானும் போனோம். முதல்நாள் இரவே அக்கா மனுவை எழுதி முடித்திருந்தார், ஒரே பக்கம். நகராட்சிக் கட்டடம் புதிதாக வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தது. முன்மேஜையில் இருந்தவர் தலை நிமிராமலே கையை உயர்த்திக் காட்டினார்.

“மேல்முறையீடா? மூணாவது மாடி.”

“லிஃப்ட்?”

“ரிப்பேரும்மா.”

“எப்ப சரியாகும்?”

“அதுக்கு ஒரு மனு கொடுக்கணும். அதுவும் மூணாவது மாடிதான்.”

அப்போதுதான் நிமிர்ந்து சக்கர நாற்காலியைப் பார்த்தார். சங்கடமாகிவிட்டது. “நீங்க எப்படிம்மா போவீங்க?” என்றார்.

“போறேன்பா. நீ அந்த மாடியைக் கொஞ்சம் கீழ இறக்கு.”

அவர் விழித்தார். அக்கா கையை நீட்டி, “சரி, அந்த போனை இப்படிக் குடு” என்றார். அவரும் கொடுத்துவிட்டார், ஏன் கொடுத்தோம் என்று பிற்பாடு யோசித்திருப்பார். அடுத்த நொடி அந்த எக்ஸ்சேஞ்ச் குரல் கேட்டது.

“வணக்கம். மேல்முறையீட்டு அதிகாரிங்களா? உங்களைப் பார்க்கக் கீழ ஒருத்தங்க காத்திருக்காங்க. இல்லைங்க, அவங்களால மேல வர முடியாது. ஆமா, லைன்லயே இருக்காங்க. நீங்க வர்ற வரைக்கும் வைக்கமாட்டாங்க.”

சற்று நேரத்தில் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓர் அம்மா படியிறங்கி வந்தார். மூன்று மாடி இறங்கிய கடுப்பு முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. மாடிப்படிக்குக் கீழே, ஊழியர்களின் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவில், எங்கள் விசாரணை நடந்தது. வக்கீல் இல்லை. யாரும் பெயரை உரக்கக் கூப்பிடவில்லை.

“தெருவை ஆக்கிரமிச்சா எடுக்கத்தான்மா செய்வாங்க. எல்லாரும் இப்படி ஆளுக்குக் கொஞ்சம் நீட்டினா வண்டி எப்படிப் போகும்?”

“நியாயந்தான்” என்றார் அக்கா. “நீங்க இப்ப எங்கிட்ட பேசணும்னு இறங்கி வந்தீங்க. வந்துட்டீங்க. நான் யார்கிட்டயாவது பேசணும்னா, அந்தச் சரிவு வேணும். அவ்வளவுதான் என் மனு.”

அந்த அம்மா நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கினார். மனுவை நின்றபடியே முழுவதும் படித்தார். உடனே உருகி உத்தரவு போட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள்; அது நகராட்சி. பொறியாளர் நேரில் பார்க்க வேண்டும் என்றார். பொறியாளர் விடுப்பில் இருந்தார். கோப்பு அவர் மேஜையில் இருந்தது. சாவி அவர் பையில் இருந்தது. ஆனால் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தி ஒரு ரசீது கொடுத்தார். “விசாரணை முடியற வரைக்கும் யாரும் கை வைக்க மாட்டாங்க” என்றார். பிறகும் நாங்கள் போனோம், வந்தோம். பொறியாளர் வந்தபோது கோப்பைக் காணவில்லை. கோப்பு கிடைத்தபோது பொறியாளரைக் காணவில்லை. ஒவ்வொரு முறையும் அக்கா கீழே இருந்து போன் செய்தார். கடைசியில் அந்த அம்மாவே, “நீங்க போனை வையுங்க, நான் வர்றேன்” என்று சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

மாதம் முடிந்தது. சம்மன் சார் பெரிய பெஞ்சின் முன் நிற்கப் புறப்பட்டுப் போன அதே காலையில், எங்கள் தெருவில் நகராட்சி லாரி வந்து நின்றது. கடப்பாரையும் சம்மட்டியுமாக ஆட்கள் இறங்கினார்கள். சம்மன் சாரின் மனைவி பதறிப்போய் உள்ளே ஓடினார். அவர் வெளியே வருவதற்குள் அக்கா சரிவின் நட்டநடுவில், அந்தச் சிவப்புப் பெருக்கல் குறியின் மேல், நாற்காலியை நிறுத்திச் சக்கரத்தைப் பூட்டியிருந்தார். ரசீதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, கொஞ்சம் நகந்துக்கங்க” என்றார் மேஸ்திரி.

“நகர்றதுக்குத்தான்பா இதைக் கட்டியிருக்கு. இதை ஒடச்சிட்டா எப்படி நகர்றது?”

“எனக்கு ஆர்டர்மா. நான் என்ன பண்ணட்டும்?”

“உன்னை ஒண்ணும் சொல்லலப்பா. இந்த ரசீதைப் பாரு. உங்க ஆபீஸ் முத்திரைதான். மேல்முறையீடு உள்ள இருக்கு. நம்பிக்கை இல்லைன்னா அங்க ஒரு போன் போட்டுக் கேளு. நான் லைன்ல இருக்கேன்.”

மேஸ்திரி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன் செய்தார். “ஆமாங்க... அந்தம்மாதாங்க... சரிங்க” என்றார். ஆட்கள் கடப்பாரையை லாரியில் போட்டார்கள். வந்ததற்குத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள். லாரி திரும்பியதும் அக்கா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். தம்பி மனைவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரிய பெஞ்சும் சம்மன் சாருடைய மனுவைத் தள்ளுபடி செய்தது. முதல் நீதிபதியாவது ஒருவர். இங்கே இரண்டு பேர் சேர்ந்து அதே கேள்வியைக் கேட்டார்களாம்.

சில நாளில் நகராட்சி உத்தரவு வந்தது. சரிவு இருக்கலாம். நுனியில் ஒரு சாண் வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு பக்கம் கைப்பிடிக் கம்பி போட வேண்டும். அதைக் கொண்டுபோய் அக்கா தம்பியிடம் நீட்டியபோது நானும் அங்கே இருந்தேன். முதல்முறையாக ஒரு காகிதத்தை அவர் கடைசி வரை படித்தார். சந்தோஷப்படுவார் என்றுதானே நினைப்பீர்கள்?

“யாரைக் கேட்டுப் போனீங்க?”

“உன்னைக் கேக்கலடா. கேக்க வேண்டியவங்களைக் கேட்டேன்.”

“கேஸ் என்னுது! எனக்குத் தெரியாம எனக்குச் சாதகமா உத்தரவு போட அவங்க யாரு? அதுலயும் ஒரு சாண் வெட்டணுமாம். இதை விடக்கூடாது. இதை எதிர்த்து...”

அக்கா அவரையே பார்த்தார். சம்மன் சார் பாதி வாக்கியத்தில் நின்றார். மனைவி சமையலறை வாசலில் நின்று கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“ஏன்டா,” என்றார் அக்கா, கோபமில்லாமல். “ஒருத்தர்கிட்ட போய் ஒண்ணு கேக்கறதுல உனக்கு என்னடா அவ்வளவு கஷ்டம்?”

சம்மன் சார் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“கேட்டா, இல்லைன்னு சொல்லிடுவாங்கக்கா.”

“கோர்ட்லயும் இல்லைன்னுதானே சொன்னாங்க?”

“அங்க வக்கீல்கிட்டதானே சொல்றாங்க.”

இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்து, இத்தனை வழக்கில் சாட்சியாக இருந்து, அன்றைக்குத்தான் அந்த மனிதரைப் பார்த்தேன். மூஞ்சிக்கு நேரே ஒருவர் முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்து, அதைத் தாங்கிக்கொள்ள ஒரு கறுப்புக் கோட்டைத் தன் முன்னால் நிறுத்திக்கொண்டே வாழ்ந்திருக்கிறார். எனக்கு அவர் மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. அது கொஞ்ச நேரத்துக்குத்தான். மறுநாள் கைப்பிடிக் கம்பியின் உயரம் உத்தரவில் இல்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டு, தெளிவில்லாத உத்தரவை ரத்து செய்யலாமா என்று என்னிடம் ஆலோசனை கேட்டார்.

“போய்க் கேட்டுட்டு வாங்களேன் சார்” என்றேன்.

போனார். மூன்றாவது மாடி வரை ஏறினார். ஜன்னலுக்கு முன்னால் நின்று, தொண்டையைச் செருமி, இரண்டு பேருக்கு வழிவிட்டு, கடைசியில் கேட்டே விட்டார். திரும்பி வந்தபோது அவர் முகம் ஏதோ பறிகொடுத்தவர் முகம் போல இருந்தது.

“என்ன சார், திட்டினாங்களா?”

“இல்ல. ‘உங்க அக்காவுக்கு எது வசதியோ அந்த உயரத்துக்குப் போட்டுக்கங்க’ன்னுட்டாங்க.” சற்று யோசித்தார். “ஒரு வாக்குவாதம்கூட இல்லை. இதுக்கா அவ்வளவு தூரம் ஏறினேன்?”

கம்பி போட்டாயிற்று. ஒரு சாணையும் வெட்டியாயிற்று. அக்கா நூலகம் போய் வருகிறார். சம்மன் சார் திருந்திவிட்டாரா என்று கேட்காதீர்கள். இப்போது முதலில் போய்க் கேட்கிறார். கேட்டதை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறார். கொடுத்ததில் எழுத்துப் பிழை இருந்தால் கறுப்புக் கோட்டு ஞாபகம் வந்துவிடுகிறது. முன்னேற்றம்தான்.

நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நல்லது. “நான் கோர்ட் வாசலை மிதித்ததே இல்லை” என்று பெருமையாகவும் இருக்கும். ஆனால் உங்கள் மேல்வீட்டில் தினமும் யாரோ நாற்காலியைத் தரதரவென்று இழுக்கிறாரே, அந்த விவகாரம் என்ன ஆயிற்று? நீங்கள் சீலிங்கைப் பார்த்துப் பல்லைக் கடித்தது, மனசுக்குள் அவரைக் கூண்டில் ஏற்றியது, இரு தரப்புக்கும் நீங்களே வாதாடியது, வீட்டில் எல்லாரையும் சாட்சிக்குக் கூப்பிட்டது, அவருடைய வளர்ப்பு சரியில்லை என்று தீர்ப்பு எழுதி, ‘இனி ஜென்மத்துக்கும் பேச்சில்லை’ என்று தண்டனையும் கொடுத்துவிட்டது, எல்லாம் சரிதான். பாவம், அந்த மனிதருக்கு இன்னும் விஷயமே தெரியாது. மாடிப்படியில் எதிர்ப்படும்போதெல்லாம் உங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, இவர் ஏன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று யோசித்தபடியே மேலே ஏறிப் போகிறார்.